ஸ்டேக்கிங் வருமானத்தைத் தானியங்கித் தளத்திடம் விடலாமா?

நீங்கள் எழுதி அனுப்பிய கேள்வி இதுதான். ஈத்தரியம், சோலானா, காஸ்மாஸ் ஹப் என மூன்று கிரிப்டோ நெட்வொர்க்குகளில் ஸ்டேக்கிங் (நெட்வொர்க் இயங்க உதவுவதற்காகக் கிரிப்டோவைப் பூட்டிவைத்து வெகுமதி பெறுவது) வைத்திருக்கிறீர்கள். வாராவாரம் வெகுமதியைக் கையால் எடுத்து, ஒரு பங்கைத் திரும்ப ஸ்டேக் செய்து, மீதியைக் கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் தானாகவே செய்து தருகிறோம், வெகுமதியில் 10 சதவீதம் கட்டணம் என்று ஒரு தளம் சொல்கிறது. சேரலாமா?

அந்த வேலையில் பெரும்பகுதியை நெட்வொர்க்கே உங்களுக்காகச் செய்துகொண்டிருக்கிறது. மீதியை ஒரு மென்பொருளிடம் விடுவதில் தவறில்லை. ஆனால் அந்த 10 சதவீதம் எதற்கு, அதோடு சேர்த்து என்ன அதிகாரத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறீர்கள் என்ற இரண்டும் தெரியாமல் சேராதீர்கள்.

முதலில் நெட்வொர்க் தானாகச் செய்வதைப் பார்ப்போம். சோலானாவில் நேரடியாக ஒரு வேலிடேட்டருக்கு (பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து நெட்வொர்க்கை ஓட்டுபவர்) ஸ்டேக் ஒதுக்கியிருந்தால், சுமார் இரண்டு நாளுக்கு ஒருமுறை முடியும் ஒவ்வொரு இபோக்கிலும் (நெட்வொர்க்கின் கணக்குக் காலம்) வெகுமதி உங்கள் ஸ்டேக் கணக்கிலேயே வந்து சேர்ந்து, அடுத்த இபோக்கில் அதுவும் சேர்ந்தே ஈட்டுகிறது. நீங்கள் எதையும் அழுத்த வேண்டியதில்லை. கார்டானோ என்ற இன்னொரு நெட்வொர்க்கில் இபோக் ஐந்து நாள். வெகுமதியை எடுக்காமல் விட்டாலும் அது ஸ்டேக்கின் பகுதியாகவே கணக்கில் சேரும். இந்த இரண்டு இடங்களிலும் கூட்டு வட்டி தருகிறோம் என்று ஒரு தளம் கட்டணம் கேட்டால், ஓடும் ஆற்றுக்கு மோட்டார் போடக் கூலி கேட்கிறது என்றுதான் அர்த்தம்.

ஈத்தரியம் கொஞ்சம் வேறு கதை. 2020 டிசம்பரில் ஸ்டேக்கிங் தொடங்கியபோது உள்ளே போட்ட பணத்தை வெளியே எடுக்க வழியே இல்லை. 2023 ஏப்ரலில் வந்த ஷாப்பெல்லா மேம்பாட்டுக்குப் பிறகுதான் அது திறந்தது. அதிலிருந்து ஒரு வேலிடேட்டரில் 32 ஈத்தருக்கு (ஈத்தரியத்தின் நாணயம்) மேல் சேரும் தொகையை நெட்வொர்க்கே வரிசையாக வழித்தெடுத்து, நீங்கள் குறித்துவைத்த முகவரிக்கு அனுப்பிவிடுகிறது. 12 விநாடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைத் தொகுப்பு), ஒரு பிளாக்குக்கு அதிகபட்சம் 16 பேர் என்று வரிசை நகரும். இதற்குக் காஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணமும் கிடையாது. மறுமுதலீடுதான் அப்போது சிக்கலாக இருந்தது. 32 சேர்த்தால்தான் இன்னொரு வேலிடேட்டர் என்பதால் சில்லறையாக வந்த வெகுமதி சும்மா கிடந்தது. 2025 மே 7 அன்று வந்த பெக்ட்ரா மேம்பாடு, ஒரு வேலிடேட்டரில் ஈட்டக்கூடிய தொகையின் உச்சவரம்பை 32-இலிருந்து 2,048 ஈத்தராக உயர்த்தியது. புதிய வகைக்கு மாறிய வேலிடேட்டரில் வெகுமதி உள்ளேயே தங்கிக் கூட்டாக வளர்கிறது. ஆக, சொந்த வேலிடேட்டர் வைத்திருப்பவருக்கு எடுப்பது, மறுமுதலிடுவது இரண்டுமே இப்போது நெட்வொர்க்கின் வேலை.

மிச்சம் இருப்பது காஸ்மாஸ். அங்கே வெகுமதி உங்கள் பெயரில் தனியாகக் குவிந்துகொண்டே இருக்கும். ‘க்ளெய்ம்’ செய்து, அதாவது எடுத்து, மறுபடி ஸ்டேக் செய்யாதவரை அது ஈட்டாது. அதே வேலிடேட்டருக்குப் புதிதாக ஏதாவது ஒதுக்கினால் நிலுவை வெகுமதி அதோடு சேர்ந்து தானாக உங்கள் வாலட்டுக்கு (கிரிப்டோ பணப்பை) வந்துவிடும் என்பது பலர் கவனிக்காத சின்ன வசதி. ஆனால் அதை மறுபடி ஸ்டேக் செய்ய ஒரு கை தேவைப்படுகிறது. தானியங்கிக்கு நியாயமான வேலை உங்கள் மூன்றில் இது ஒன்றுக்குத்தான்.

இனி அந்த வேலைக்கு என்ன கூலி தகும் என்ற கணக்கு. விளம்பரங்கள் தினசரி கூட்டு வட்டியைப் பெரிய மந்திரம்போலக் காட்டுகின்றன. ஆண்டுக்கு 10 சதவீதம் எளிய வட்டி தரும் இடத்தில் 10,000 டாலர் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஆண்டு முழுக்க மறுமுதலிடாமல் விட்டால் 1,000 டாலர். நாள்தோறும் மறுமுதலிட்டால் சுமார் 1,052. அதாவது 365 முறை உழைத்ததற்குக் கூடுதலாகக் கிடைத்தது 52 டாலர், மொத்த வெகுமதியில் ஏறக்குறைய 5 சதவீதம். அந்தத் தளம் கேட்பதோ வெகுமதியில் 10 சதவீதம், சுமார் 105 டாலர். ஐம்பது சம்பாதித்துத் தந்து நூறு எடுத்துக்கொள்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதை மனக்கணக்காக வைத்துக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. வட்டி விகிதம் சிறியதாக இருக்கும்வரை, கூட்டு வட்டியால் கிடைக்கும் கூடுதல், வெகுமதியில் அந்த விகிதத்தின் பாதிச் சதவீதம்தான். விகிதம் 10 என்றால் வெகுமதியில் 5 சதவீதம். விகிதம் 4 என்றால் வெறும் 2 சதவீதம். அதற்கு மேல் கட்டணம் கேட்கும் தளம் கூட்டு வட்டி தவிர வேறு ஏதாவது செய்து தந்தால் ஒழிய, அது நட்டக் கணக்கு.

பரிவர்த்தனைக் கட்டணம் நீங்களே கட்டுவதாக இருந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்யலாம்? ஒருமுறை எடுத்து மறுமுதலிட 1 டாலர் ஆகிறது என்றால், மேலே சொன்ன 10,000 டாலருக்கு உகந்தது ஆண்டுக்கு ஏழு முறை. அப்போது கூடுதலாக 44 டாலர் வரும், 7 போக 37 கையில் நிற்கும். வாராவாரம் செய்தால் கூடுதல் வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றை ஒன்று தின்றுவிடும். தினமும் செய்தால் 52 டாலருக்காக 365 டாலர் போகும். சூத்திரம் வேண்டுமென்றால்: போட்ட தொகையைக் கட்டணத்தின் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, வட்டி விகிதத்தால் (10 சதவீதம் என்றால் 0.1) பெருக்குங்கள். அதுதான் ஆண்டுக்கு எத்தனை முறை என்பது. போட்ட தொகை 1,000 டாலர்தான் என்றால் இரண்டே முறை. நீங்கள் வாராவாரம் செய்து அலுத்துப்போனது பெரும்பாலும் தேவையே இல்லாத உழைப்பு. காஸ்மாஸ் போன்ற மலிவான சங்கிலிகளில் (பிளாக்செயின்களில்) கட்டணம் இதைவிட மிகக் குறைவு என்பதால் எண்ணிக்கை கூடும்; ஆனால் கூடுதல் வரவின் உச்சவரம்பு அந்த 52 தாண்டாது.

இந்தக் கூட்டு வட்டித் தளங்கள் பெருகியது 2020-இல், பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் யேர்ன் போன்ற பெட்டகங்கள் வந்த காலத்தில். அன்றைய டிஃபை (வங்கி போன்ற இடைத்தரகர் இல்லாத கிரிப்டோ நிதிச்சேவை) பண்ணைகளில் ஆண்டு விகிதம் மூன்று இலக்கத்தில் ஓடியது. வெகுமதி வேறொரு டோக்கனில் (கிரிப்டோ நாணயத்தில்) வரும். அதை விற்று மாற்றி மறுபடி உள்ளே போட வேண்டும். ஈத்தரியத்தில் காஸ் கட்டணமும் உச்சத்தில். ஆயிரம் பேருக்குச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையில் அதைச் செய்த பெட்டகங்கள் உண்மையாகவே பயன்பட்டன. அந்த மருந்தை 4 சதவீத ஸ்டேக்கிங் என்ற சளிக்கு அதே அளவில் கொடுப்பதுதான் இன்றைய விளம்பரம்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. மறுமுதலிட்ட வெகுமதி மறுபடி பூட்டப்படுகிறது. காஸ்மாஸ் ஹப்பில் ஸ்டேக்கை விடுவிக்க 21 நாள் ஆகும். அந்த 21 நாளும் அது ஈட்டாது, விற்கவும் முடியாது. எடுத்து வாலட்டில் வைத்த வெகுமதி மட்டுமே விலை சரியும் நாளில் உடனே பயன்படும் பணம். எல்லாவற்றையும் தானாக உள்ளே தள்ளும் கருவி அந்தக் கைப்பணத்தையும் 21 நாள் பூட்டுக்குள் போட்டுவிடுகிறது. இதற்காகவே நான் மறுமுதலீட்டை முழுதாகத் தானியங்கிக்கு விடுவதில்லை.

சரி, அதிகாரம். ஸ்மார்ட் காண்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் பதிந்துவைத்த நிரல், தானாக விழித்துக்கொண்டு வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அது செய்யாது. பெரும்பாலான பிளாக்செயின்களில் எந்தக் காண்ட்ராக்டும் வெளியிலிருந்து ஒரு பரிவர்த்தனை வந்து தட்டினால்தான் அசையும். எனவே ‘தானியங்கி’ என்று எங்கே கண்டாலும், யாரோ ஒருவரின் சர்வர் எங்கோ உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறது என்று பொருள். அவர் எந்தச் சாவியால், அதாவது எந்த அதிகாரத்தால், அழுத்துகிறார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எனக்குத் தெரிந்து நான்கு வகை விடை வரும்.

முதல் வகை: உங்கள் டோக்கனையே அவர்கள் கையில் கொடுத்துவிடுவது. கணக்கு தொடங்கி, அவர்கள் முகவரிக்கு அனுப்பிவிட்டால் திரையில் வட்டி ஏறுவது தெரியும். செல்சியஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் இப்படித்தான் இயங்கியது. 2022 ஜூன் 12 அன்று பணம் எடுப்பதை நிறுத்தியது, ஜூலை 13 அன்று திவால் மனு கொடுத்தது. திரையில் எண்கள் இருந்தன. எடுக்கத்தான் வழி இல்லை. அதன் நிறுவனர் அலெக்ஸ் மஷின்ஸ்கிக்கு 2025 மே மாதம் 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது, ஆனால் பணம் போட்டவர்கள் திவால் நீதிமன்றத்தின் வரிசையில் நின்றுதான் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். இந்த வகையில் நீங்கள் ஸ்டேக்கர் அல்ல, கடன் கொடுத்தவர். தளம் அந்தப் பணத்தை உண்மையிலேயே ஸ்டேக் செய்கிறதா, வேறு யாருக்காவது கடனாகக் கொடுத்திருக்கிறதா என்று உங்களால் சங்கிலியில் பார்க்க முடியாது.

இரண்டாவது: பெட்டகக் காண்ட்ராக்ட். டோக்கனைக் காண்ட்ராக்டில் போட்டு ஒரு ரசீது டோக்கன் வாங்குகிறீர்கள். சங்கிலியில் எல்லாம் தெரியும் என்பது பெரிய நன்மை. ஆனால் உள்ளே போடும்போது ‘அப்ரூவல்’ என்று ஒன்றில் கையெழுத்திடுகிறீர்கள்: இந்தக் காண்ட்ராக்ட் என் வாலட்டிலிருந்து இவ்வளவு டோக்கன் எடுக்கலாம் என்ற அனுமதி. வசதிக்காகப் பல தளங்கள் அதை வரம்பில்லாமல் கேட்கும். 2021 டிசம்பரில் பேட்ஜர்டாவ் என்ற பெட்டகத் தளத்தில் நடந்தது இதற்குப் பாடம். காண்ட்ராக்டில் குறையே இல்லை. தளத்தின் வலைப்பக்கத்தில் மட்டும் யாரோ கள்ள நிரலைச் செருகியிருந்தார்கள். வழக்கம்போல உள்ளே வந்தவர்கள் வழக்கம்போலக் கையெழுத்திட்டார்கள், ஆனால் அனுமதி போனது திருடனின் முகவரிக்கு. ஒருநாள் எல்லா அனுமதிகளையும் பயன்படுத்திச் சுமார் 12 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்களை உருவிக்கொண்டார்கள். கையெழுத்துக்கும் திருட்டுக்கும் இடையே நாட்கள் கழிந்திருந்தன. அனுமதி என்பது போட்ட பணத்தோடு முடிவதில்லை. ரத்துசெய்யும்வரை உயிரோடு இருக்கும். பெட்டகத்திலிருந்து வெளியே வந்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் பலரின் வாலட்டில் பழைய அனுமதிகள் இன்னும் திறந்தபடி கிடக்கின்றன. அனுமதிகளைக் காட்டி ரத்துசெய்ய உதவும் ரிவோக் கேஷ் போன்ற கருவியில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வகை எனக்குப் பிடித்தது, உங்களுக்கும் தேவைப்படுவது: குறிப்பிட்ட ஒரு செயலுக்கு மட்டும் அனுமதி. காஸ்மாஸ் சங்கிலிகளில் ‘ஆத்ஸ்’ (authz) என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. “இந்த முகவரி என் சார்பாக, இந்த வேலிடேட்டருக்கு மட்டும், இவ்வளவு டோக்கன் வரை, இந்தத் தேதி வரை ஸ்டேக் செய்யலாம்” என்று எழுதிக்கொடுக்கலாம். அனுமதி பெற்ற பாட் (தானாக இயங்கும் நிரல்) உங்கள் டோக்கனை ஸ்டேக் செய்யலாம்; வேறு முகவரிக்கு அனுப்ப முடியாது. சர்வரை யாராவது உடைத்து உள்ளே வந்தாலும் அவர்களால் செய்யக்கூடிய அதிகபட்சத் தீங்கு, உங்கள் பணத்தை உங்கள் பெயரிலேயே ஸ்டேக் செய்வது. ரீஸ்டேக் என்ற திறந்த மூலக் கருவி இந்த முறையைப் பரவலாக்கியது. அதில் பாட்டை ஓட்டுவது வேலிடேட்டர்களே. அவர்களுக்கு உங்கள் ஸ்டேக் வளர்ந்தால் கமிஷன் வளரும் என்பதால் தனிக் கட்டணம் கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆத்ஸ் அனுமதியில் கையெழுத்திடும்போது வகையைப் படியுங்கள். ஸ்டேக் செய்ய, வெகுமதி எடுக்க என்று இருந்தால் சரி. ‘அனுப்புதல்’ என்ற சொல் அதில் எங்காவது இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வெகுமதி போய்ச்சேரும் முகவரியை மாற்றும் அனுமதி இன்னும் தந்திரமானது. அசல் அப்படியே இருக்கும், வெகுமதி மட்டும் வேறு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு: வேலிடேட்டர் சிறைப்பட்டாலோ (தவறுக்காக நெட்வொர்க் அவரை ஒதுக்கிவைப்பது) கமிஷனை ஏற்றினாலோ பாட் கவலைப்படாது. காஸ்மாஸ் ஹப்பில் இரட்டைக் கையெழுத்துக்கு (ஒரே இடத்துக்கு இரண்டு பிளாக்குகளை ஒப்புவது) ஸ்டேக்கில் 5 சதவீதம் வெட்டு, நீண்ட நேரம் அணைந்து கிடந்தால் 0.01 சதவீதம். இரண்டாவது சின்னத் தொகைதான், ஆனால் வேலிடேட்டர் திரும்பி வரும்வரை வருமானம் பூஜ்யம். கவனிக்கும் வேலை உங்களுடையதாகவே இருக்கும்.

நான்காவது, எக்ஸ்சேஞ்சின் ஏபிஐ கீ: உங்கள் கணக்கை வெளி மென்பொருள் இயக்கத் தரும் சாவி. படிக்க, வர்த்தகம் செய்ய, வெளியே அனுப்ப என்று மூன்று அனுமதிகள் தனித்தனியே இருக்கும். வெளியே அனுப்பும் அனுமதியை அணைத்துவிட்டால் பாதுகாப்பு என்று எல்லா வழிகாட்டிகளும் எழுதுகின்றன. அது பாதி உண்மை. 2022-இல் த்ரீகாமாஸ் என்ற வர்த்தக பாட் தளத்தின் வழியாகக் கீகள் கசிந்தபோது (முதலில் பயனர்கள் போலித் தளத்தில் ஏமாந்திருப்பார்கள் என்று சொன்ன நிறுவனம், அந்த டிசம்பரில் ஒப்புக்கொண்டது), திருடர்கள் பணத்தை வெளியே எடுக்கவில்லை. ஆளே வாங்காத ஒரு டோக்கனைத் தாங்கள் குவித்துவைத்து, பிறர் கணக்குகளைக் கொண்டு அதைக் கண்ட விலைக்கு வாங்கவைத்தார்கள். வெறும் வர்த்தக அனுமதியாலேயே கணக்கு காலியானது. உங்கள் தளம் ஸ்டேக்கிங்கைத்தானே நிர்வகிக்கிறது? அதற்கு வர்த்தக அனுமதி எதற்கு என்று கேளுங்கள். வரவைக் காட்ட மட்டும் என்றால் படிக்கும் அனுமதி போதும், அதையும் குறிப்பிட்ட ஐபி முகவரிக்குக் கட்டிவையுங்கள்.

சீட் ஃப்ரேஸை (வாலட்டையே திறந்துவிடும் ரகசியச் சொற்கள்) உள்ளிடச் சொல்லும் தளத்தை நான் ஒரு வகையாகவே எண்ணவில்லை. பக்கத்தை மூடிவிடுங்கள்.

அடுத்தது பணம் அனுப்புவது. வெகுமதி எடுப்பதையும் மறுமுதலிடுவதையும்விட இதைத் தானியங்கியிடம் விடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் மற்ற இரண்டும் தவறினால் பணம் உங்களிடமே இருக்கும். இது தவறினால் போனது போனதுதான். என் அனுபவம் ஒன்று. மாதம் ஒருமுறை வெகுமதி எக்ஸ்சேஞ்சுக்குப் போகுமாறு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவைத்திருந்தேன். ஒழுங்காக ஓடியதால் அதை மறந்தே போனேன். இடையில் அந்த எக்ஸ்சேஞ்ச் பழைய டெபாசிட் முகவரிகளை மாற்றி, மின்னஞ்சலில் அறிவிப்பும் அனுப்பியிருக்கிறது. நான் படிக்கவில்லை, ஸ்கிரிப்ட் மின்னஞ்சல் படிக்காது. இரண்டு மாத வெகுமதி பழைய முகவரிக்குப் போய்விட்டது. ஏழு வாரம் எழுதி எழுதி மீட்டேன். மீட்டது அதிர்ஷ்டம், பழைய முகவரியின் சாவியை அவர்கள் அழித்திருந்தால் எழுத யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

காஸ்மாஸிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது இன்னொரு பள்ளம்: மெமோ. பல எக்ஸ்சேஞ்சுகள் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே முகவரியைக் கொடுத்து, மெமோ எண்ணை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கின்றன. எக்ஸ்ஆர்பி நாணயத்தில் இதே வேலையை டெஸ்டினேஷன் டேக் செய்கிறது. உங்கள் தளத்தின் திரையில் மெமோவுக்கு இடமே இல்லையென்றால், அவர்கள் இதை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை என்று கொள்ளலாம்.

முகவரியைப் பழைய பரிவர்த்தனை வரலாற்றிலிருந்து நகலெடுத்துத் தளத்தில் ஒட்டாதீர்கள். திருடர்கள், நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியின் முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் ஒத்துப்போகும் கள்ள முகவரியிலிருந்து ஒரு சில்லறைத் தொகையை அனுப்பி, வரலாற்றில் தங்கள் முகவரியை விதைத்துவிடுகிறார்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படி 1,155 டபிள்யூபிடிசியை (பிட்காயின் மதிப்பைப் பின்தொடரும் டோக்கன்), அன்றைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலரை, தவறான முகவரிக்கு அனுப்பினார். திருடனே பெரும்பகுதியைப் பின்னர் திருப்பிக்கொடுத்தது இந்தத் துறையின் விசித்திரங்களில் ஒன்று. கையால் அனுப்பினால் தவறு ஒருமுறை நடக்கும். தானியங்கியில் பதிந்துவிட்டால் மாதாமாதம் நடக்கும்.

ஒரு சங்கிலியிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் வழியாகத் தானாகக் கடத்தும் வசதியையும் அந்தத் தளம் சொல்கிறது என்கிறீர்கள். வேண்டாம். 2022-இல் மட்டும் வார்ம்ஹோல், ரோனின், நோமாட் என்று பாலங்கள் வரிசையாகக் கொள்ளைபோயின. ஆண்டுக்கு 4 சதவீதம் ஈட்டும் பணத்தை மாதாமாதம் பாலத்தில் நடக்கவிடுவதற்கு எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை.

தளம் காட்டும் விகிதத்தைப் பற்றி ஒரு சொல். ஏபிஆர் என்பது எளிய வட்டி, ஏபிஒய் என்பது கூட்டு சேர்த்தது. இரண்டும் நெட்வொர்க் தருவதைத் தாண்டிப் போனால் மீதி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நாளுக்கு இவ்வளவு நிச்சயம், எங்கள் பாட் ஈட்டித் தரும் என்று சொன்ன பிட்கனெக்ட் 2018 ஜனவரியில் இழுத்து மூடியது. சுமார் 240 கோடி டாலர் மோசடி என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் வழக்கு. ஸ்டேக்கிங் வெகுமதி நெட்வொர்க் விதிப்படி ஏறி இறங்கும். நிலையான எண்ணைக் காட்டும் தளம் ஸ்டேக்கிங் செய்யவில்லை.

தானியங்கி வேண்டாம், லிக்விட் ஸ்டேக்கிங் டோக்கனே (ஸ்டேக் செய்த தொகைக்கு ஈடாகத் தரப்படும், விற்கக்கூடிய டோக்கன்) வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஈத்தரியத்தில் 32 இல்லாதவர்களுக்கு அது நியாயமான வழி. அப்படி டோக்கன் தரும் லைடோவும் வெகுமதியில் 10 சதவீதம்தான் எடுக்கிறது, ஆனால் அங்கே அந்தப் பணத்தில் வேலிடேட்டரை ஓட்டும் செலவும் அடங்கியிருக்கிறது. வெறும் பொத்தான் அழுத்தும் கூலி அல்ல. விலை மட்டும் எப்போதும் ஈத்தருக்குச் சமமாக நிற்கும் என்று நம்ப வேண்டாம். 2022 ஜூனில் அதன் டோக்கன் சந்தையில் ஈத்தரைவிட 5 சதவீதத்துக்கும் மேல் இறங்கி விற்றது. பொறுத்தவர்களுக்குப் பின்னால் சரியானது, கடனுக்கு ஈடாக வைத்திருந்தவர்களுக்குப் பொறுக்க வழியில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் சோலானாவைத் தொடவே மாட்டேன்; அது தன் வேலையைத் தானே செய்துகொள்கிறது. ஈத்தரியத்தில் சொந்த வேலிடேட்டர் என்றால் பெக்ட்ரா வகைக்கு மாற்றிவிட்டு, வெகுமதி போகும் முகவரியை ஹார்டுவேர் வாலட்டில் (சாவியைத் தனிச் சாதனத்தில் வைக்கும் வாலட்) வைப்பேன். காஸ்மாஸுக்கு ஓர் ஆண்டுக் காலக்கெடுவும் தொகை வரம்பும் வைத்து ஆத்ஸ் அனுமதி, ஸ்டேக் செய்ய மட்டும். எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புவதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால், முதலில் சிறு தொகை அனுப்பி, அது சேர்ந்தது தெரிந்த பிறகு மீதி. எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே போகும் முகவரிகளுக்கு அனுமதிப் பட்டியலை இயக்கிவைப்பேன்; புதிய முகவரி சேர்த்தால் சில இடங்களில் ஒரு நாள் காத்திருக்கச் சொல்வார்கள், அந்த ஒரு நாள் நல்லது. பல நாடுகளின் வரிச்சட்டத்தில் வெகுமதி கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் வருமானமாகக் கணக்காகும் என்பதால், நாள்தோறும் க்ளெய்ம் செய்யும் பாட் உங்கள் கணக்காளரை 365 பதிவுகள் எழுதவைக்கும். அவருடைய கட்டணத்தையும் அந்த 52 டாலரோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தத் தளத்தில் ஏற்கெனவே வாலட்டை இணைத்துப் பார்த்துவிட்டேன் என்று உங்கள் கேள்வியின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இணைத்தது மட்டும் என்றால் உங்கள் முகவரி அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஏதாவது கையெழுத்திட்டீர்களா என்பதை இன்றே பாருங்கள். ஈத்தரியத்தில் டோக்கன் அப்ரூவல்களையும், காஸ்மாஸில் ஆத்ஸ் பட்டியலையும். தெரியாத முகவரி இருந்தால் முதலில் அதை ரத்துசெய்துவிட்டு, பிறகு அவர்களிடம் கேள்வி கேளுங்கள்.